ஆட்டோக்காரரின் பஸ் பொறாமை

பெண்களுக்கு அரசு பஸ்ஸில் டிக்கெட் வேண்டாம் என்று அறிவித்த நாளிலிருந்து ஆட்டோக்காரருக்கு வயிற்றெரிச்சல். ஸ்டாண்டில் சவாரி குறைந்தது ஒரு பக்கம் இருக்கட்டும், அவரை உண்மையில் வாட்டியது சொந்த மனைவிதான். சம்பளத்தில் பாதி பஸ்ஸுக்கே போய்விடும் என்று பக்கத்துத் தெருவிலேயே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், இப்போது ஊரின் மறுகோடியில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். கை நிறையச் சம்பளம். வாய் நிறைய பஸ் பேச்சு. ஜன்னலோர சீட்டாம், கூட வரும் தோழிகளாம், கண்டக்டர் அடிக்கும் ஜோக்காம்.

"பேசாம அந்த பஸ்ஸையே கட்டியிருக்கலாமே!" என்றார் ஒருநாள்.

"அது என்னை ஒருநாளும் முறைச்சதில்லைங்க."

மறுநாள் சாயங்காலம் நல்ல மழை. பஸ் வீட்டு வாசல் வரைக்குமா வரும் என்ற நினைப்பில், ஆட்டோவை எடுத்துக்கொண்டு நிறுத்தத்தில் போய் நின்றார். இறங்கிய மனைவியோ இரண்டு தோழிகளையும் இழுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள்.

தோழி ஒருத்தி பணத்தை நீட்டினாள். "சும்மா வர்றதுக்கு நாங்க என்ன உங்க பொண்டாட்டியாண்ணே? பஸ்ல மிச்சம் பிடிச்ச காசு, வாங்கிக்குங்க."

வெகுநாளைக்குப் பிறகு வண்டி நிறையச் சவாரி. வாங்கிக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தால், மனைவி தோழியின் தோளில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் இந்த ஆட்டோவில் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. கண்ணாடியைத் திருப்பிவிடத்தான் நினைத்தார். கை போகவில்லை.