கப்பல்கார மச்சானும் லாரி ஆயிலும்

என் கூடப்பிறந்த மூத்தவளான லாத்தாவின் புருஷனுக்கு லாரி என்பது மிதக்கத் தெரியாத கப்பல். பதினைந்து வருடம் பினாங்குக் கப்பலில் எஞ்சின் அறையில் கிடந்துவிட்டுக் கரையேறியவர், வந்த மூன்றாம் நாளே என் லாரியின் பானெட்டைத் திறந்து பார்த்தார். பிறகு, பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

லாத்தா என்னைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தாள். "தம்பி, ஒன் மச்சான் திரும்பவும் சபர் போறேன்னு கப்பலேறிடாமப் பாத்துக்க. எதாச்சும் வேல குடுத்துக்கிட்டே இரு. இன்னொரு தடவ தனியா இருக்க எனக்குத் தெம்பு இல்ல."

வேலைக்கு என்ன பஞ்சம்? எங்கள் ஊரைவிட்டுப் பிரெஞ்சுக்காரன் இன்னும் போகாத காலம். கருவாட்டு மூட்டைகளோடு மாயவரம் போக வேண்டுமானால் எல்லைச் சாவடியில் வெயிலில் நிற்க வேண்டும். அந்தச் சூட்டில் எஞ்சினை அணைத்தால் மறுபடி எழாது. அணைக்காவிட்டால் ஆயில் தண்ணீராக இளகி, அழுத்தம் காட்டும் முள் விழுந்துவிடும். அப்படியே ஓட்டினால் எஞ்சின் போச்சு.

"கப்பல்ல ஆயில் சூடானா, கொழாயில உட்டு, கடத்தண்ணியால ஆத்துவோம்" என்றார் மச்சான்.

"மாயவரம் ரோட்டுல கடலுக்கு எங்க மச்சான் போறது?"

அதற்கும் வைத்திருந்தார் பதில். கல்யாணச் சோறு ஆக்கும் பெரிய தேக்சாவை லாத்தாவிடம் வாங்கி, அதற்குள் செப்புக் குழாயைச் சுருளாக வளைத்து, தண்ணீர் நிரப்பி லாரியின் பக்கவாட்டில் கட்டினார். ஆயில் அதன் வழியாக ஓடியது. கோட்டுச்சேரி தாண்டுவதற்குள் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

"அரிசி போட்டுடலாமா மச்சான்?" என்றேன். மச்சான் முகத்தை ஜன்னலுக்கு வெளியே திருப்பிக்கொண்டார்.

அப்படியே எதிர்காற்றில் முகத்தை நீட்டிக்கொண்டு வந்தவருக்கு, திரும்பும் வழியில் புத்தி வேலை செய்தது. "கடல் இல்லாட்டி என்ன தம்பி, காத்து இருக்கே!" மறுநாள் தேக்சா வீட்டுக்குப் போனது. குழாய்ச் சுருள் லாரியின் முகப்புக் கம்பிகளுக்குப் பின்னால், எதிர்காற்று படும் இடத்துக்கு வந்தது. அதன் பிறகு சாவடியில் முள் கொஞ்சம் இறங்கினாலும், லாரி ஓடத் தொடங்கியதும் ஏறிவிடும்.

நான் துள்ளிக் குதித்தேன். அங்கேதான் தப்பு. ஒரு வாரத்தில் மச்சான் மெல்ல ஆரம்பித்தார். "ஒன் லாரிதான் நல்லா ஓடுதே. இனிமே எனக்கு இங்க என்ன வேல? ஒரு சபர் போயிட்டு வந்துடுறேன்." லாத்தா எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

லாரியில் ஒரு தூசு விழுந்தால் ஊரைக் கூட்டுகிறவன் நான். மறுநாள் காலை யாரும் பார்க்காமல் ஒரு கோணிச் சாக்கை மடித்து, காற்று புகாதபடி அந்தச் சுருளுக்கு முன்னால் கட்டினேன். அன்றைக்கு முள் விழுந்தது. என் நெஞ்சும் அதோடு சேர்ந்து விழுந்தது. ஆனால் சேதியைக் கேட்ட மச்சானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெருநாள்தான்! "கொழாயோட வளைவு பத்தல தம்பி" என்று பானெட்டுக்குள் தலையை விட்டவர் சபர் பேச்சையே எடுக்கவில்லை. பதினைந்து வருடம் எஞ்சின் பார்த்தவரை ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

நாலைந்து நாள் கழித்து, எஞ்சின்மேல் இரக்கப்பட்டுச் சாக்கை அவிழ்க்கப் போனேன். சாக்கு இருந்தது. ஆனால் பாதியாக வெட்டப்பட்டிருந்தது. ஆயில் கொஞ்சம் சுடும், எஞ்சின் கெடாது, அந்த அளவுக்கு. கட்டியிருந்த முடிச்சும் என்னுடையதல்ல. கப்பல்காரர்கள் போடும் முடிச்சு.

அவருக்கும் போக மனமில்லை. இருப்பதற்கு ஒரு காரணம்தான் தேவைப்பட்டிருக்கிறது.

சாக்கைத் தொடாமல் பானெட்டை மூடினேன். பின்னால் மச்சான் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னமும் ஆயில் சூடாவுதா தம்பி?"

"ஆமா மச்சான். நீங்க போயிட்டா என்னால சமாளிக்க முடியாது."

"அப்ப இருக்க வேண்டியதுதான்" என்றார், ரொம்பவும் சலித்துக்கொள்கிறவர் மாதிரி.