கன்னி மூலைச் சுவர்

எனக்கு எண்பத்து நாலு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். அவர்களுடைய அப்பாவையும் சேர்த்தால் ஏழு.

பிறந்தது விழுப்புரம். என் அப்பா அங்கே சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தார். வாழ்க்கைப்பட்டது திண்டிவனத்தில், ரோட்டை ஒட்டிய ஓட்டு வீட்டுக்கு. நான் வந்தபோது வீடு ரோட்டைவிட மேடு. ரோடு போடுகிறவர்கள் இரண்டு தடவை மண்ணடித்து உயர்த்தினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது பிறந்து ஓரிரு வருஷத்தில், ரோட்டுப் பக்கத்து மேற்குச் சுவர் இடுப்பளவு மண்ணுக்குள் போய்விட்டது. ஒரு அடிகூட நகராமல் பள்ளத்துக்குக் குடிவந்துவிட்டோம்.

அந்த ஐப்பசியில் சுவர் கசிந்தது. கசிந்த இடம் கன்னி மூலை, அதாவது வீட்டின் தென்மேற்கு. மார்கழியில் விதைக்க வைத்திருந்த நிலக்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, நாலு மூட்டை அங்கேதான் இருந்தது. அது கெட்டால் நிலம் சும்மா கிடக்கும், எங்கள் வயிறும்.

"மூட்டைய நடுவீட்டுக்கு மாத்திடலாங்க" என்றேன்.

"கன்னி மூலைல வச்சத எடுத்தா லட்சுமி போயிடுவா" என்றார் வீட்டுக்காரர்.

"தண்ணில நின்னுகினு கீறாளே, அவளுக்கு சளி புடிக்காதா?"

வெளியே தோண்டி அடியிலிருந்து பூச வேண்டும் என்றும் சொன்னேன். கன்னி மூலையில் பள்ளம் எடுத்தால் குடும்பத் தலைவனுக்கு ஆகாதாம். வீடே பள்ளமாகிவிட்டது, தலைவர் நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாலுகா ஆபீசுக்கு நடையாக நடந்து, பர்மிட்டில் ஒரு மூட்டை சிமெண்டு வாங்கி, உள்பக்கமாகத் தானே பூசினார். தெருவில் நனைந்துவிட்டு வீட்டுக்குள் வந்து குடை பிடிப்பதுபோல. மூன்றாம் நாள் பூச்சு அப்பளம் மாதிரி முழுசாகக் கழன்று விழுந்தது.

பிறகு, தோண்டலாமா என்று ஜோசியரைக் கேட்க விழுப்புரத்துக்கு ரயில் ஏறினார். அன்றைக்கே மழையும் விட்டது. மூட்டையை நகர்த்திப் பார்த்தால், அடியில் நாலு காய் முளைவிட்டிருந்தது. அதைக் கொண்டுபோய் மாமியார் மடியில் வைத்தேன். முளையைக் கிள்ளிப் பார்த்தார்.

"மம்முட்டி கொட்டாயில கீது. நா ஒண்ணும் பாக்கல" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மண்வெட்டியை எடுத்து இரண்டு நாள் தோண்டினேன். கடைக்கால் வரை மண்ணை வாரி, சுவரைச் சுரண்டி, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பை இரண்டு தரம் பூசினேன். மூன்று நாள் வெயிலில் காயவிட்டு, ஏரிக் களிமண்ணைக் கொட்டி மிதித்து, கூரைத் தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடச் சரிவு வைத்தேன். காளவாய்க்காரர் மகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜோசியர் வெளியூர் போயிருந்தாராம். காத்திருந்து கேட்டுக்கொண்டு எட்டாம் நாள் வீட்டுக்காரர் வந்தார்.

"தை பொறக்கற வரைக்கும் மண்ணத் தொடக் கூடாதாம்" என்றவர், சுவரோரம் பார்த்தார். "இன்னாது, மண்ணு புதுசா கீது?"

மாமியார் முறத்திலிருந்து தலை தூக்கவில்லை. "பன்னி கெளறிச்சிடா."

கார்த்திகை மழை கொட்டித் தீர்த்தது. சுவரில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. மார்கழியில் நாலு மூட்டையையும் உடைத்து விதைத்தோம். சிமெண்டு விழுந்தாலும் அதன் சத்து சுவருக்குள் இறங்கிவிட்டது என்று அவர் கடைசி வரை ஊருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

பேத்தி, இங்க வா கண்ணு. என் எழுத்து கோணலாத்தான் இருக்கும், இத ஒரு தரம் படிச்சிக் காட்டு. பன்னி வர்ற எடத்த மட்டும் நிறுத்திப் படி.