தும்புத்தடியால் குறிபார்த்த சனிக்கிழமை

நியூசிலாந்தில், பாபகூராவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவு சிறியது. ஒரு எலுமிச்சை மரம், உடுப்பு காயப்போடும் கம்பி, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே நெஞ்சளவு பலகை வேலி. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை காலை, என் கணவர் அந்த வளவில் முகம் குப்புறக் கிடந்தார். அவருக்கு மேலே இரண்டு துவக்குகள் நீண்டிருந்தன.

எல்லாம் நாங்கள் செய்த ஒரு துவக்குத் தாங்கியால் வந்தது.

மர ஆலையில் அவரோடு வேலை செய்த மன்னார் அண்ணர் ஒருவர் இருந்தார். எங்களுக்கு முன்பே நியூசிலாந்துக்கு வந்து, துவக்கு லைசென்ஸ் எடுத்து, தெற்கே மலைப்பக்கம் ஒரு பண்ணைக்காரரின் அனுமதியோடு காட்டாடு சுடுபவர். என் கணவர் வன்னியில் வளர்ந்தவர். வேட்டைப் பேச்சு வந்தால் அவர் முகமே மாறும். ஆனால் ஷெல் துண்டு பட்ட இடது தோள் பாரம் தாங்காது. லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் நின்றால் மற்றவரும் சுடலாம் என்று அண்ணர் ஒருநாள் கூட்டிப் போனார். துவக்கு முனை ஆடிய ஆட்டத்தில் என் கணவர் சுடாமலே திரும்பி வந்தார்.

"காயம்பட்ட ஆட்டை மலையெல்லாம் தேடித் திரிய ஏலாது. துவக்கை நீ தூக்க வேண்டாம், ஒரு தாங்கி தூக்கட்டும்" என்றார் அண்ணர். கடையில் இருந்த தாங்கிகள் நின்று சுடுபவர்களுக்கானவை. இவருக்கோ சரிவில் குந்தியிருந்து சுட்டால்தான் தோள் நோகாது.

எனக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. துவக்குச் சத்தம் கேட்காத இடம் என்றுதானே இவ்வளவு தூரம் வந்தோம்?

"துவக்கு இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. சொல்லிப்போட்டன்."

"ஓம். அது அண்ணற்ற இரும்பு அலுமாரிக்குள்ளதான் கிடக்கும். தடி மட்டும்தான் இஞ்ச" என்றார்.

தடிதானே என்று விட்டேன். பிறகு நானும் அதற்குள் இழுபட்டுப் போனேன். தக்காளிச் செடிக்கு ஊன்றும் மரத்தடி இரண்டைத் துளைத்து, ஆணி போட்டுக் கத்தரிக்கோல் மாதிரி முதலில் செய்தார். அது பக்கவாட்டில் சரிந்தது. மூன்றாவது தடி சேர்த்தார். துளை தளர்ந்து லொடலொடத்தது. பழைய சைக்கிள் டியூப்பை வட்டமாக வெட்டி இடையில் செருகினோம். ஈரப் புல்லில் கால்கள் அகன்று வழுக்கின. நான்தான் மூன்று காலையும் ஒரு கயிற்றால் இணைக்கச் சொன்னேன். ஒனிஹங்காவில் கன்வஸ் தைக்கும் பட்டறையில் எனக்கு வேலை. மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, துவக்கின் மரப்பகுதி அமர்வதற்குத் தொட்டில் போல ஒரு பட்டி தைத்துக் கொடுத்தேன். உள்ளே கம்பளித் துணி வைத்து இரட்டைத் தையல் போட்டேன். அது நல்ல வேலை. எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அதைச் சோதித்துப் பார்க்க அவர் பின்வளவுக்குப் போனார். வீடு கூட்டும் தும்புத்தடியின் தும்பைக் கழற்றினார். துவக்கின் பாரம் வரவேண்டும் என்று அதில் ஒரு இரும்புக் குழாயை வைத்துக் கறுப்பு டேப்பால் சுற்றினார். கவிழ்த்த வாளியில் குந்தியிருந்து, வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியைக் குறிபார்த்தார். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

தெருவில் வழக்கமான சத்தங்கள் நின்றுபோனதை உடனே கவனிக்கவில்லை. ஒலிபெருக்கியில் எங்கள் வீட்டு இலக்கத்தைச் சொல்லி, எல்லோரும் கைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வரச் சொன்னார்கள். திரையை நீக்கிப் பார்த்தேன். பொலிஸ் கார் தெருவை மறித்து நின்றது. அதன் பின்னால் ஒருவர் நீளத் துவக்கோடு குனிந்திருந்தார். இந்த நாட்டுப் பொலிஸ் இடுப்பில் துவக்கு இல்லாமல் நடப்பதைப் பார்த்து நான் எத்தனையோ முறை ஆறுதல் பட்டிருக்கிறேன்.

முன்னால் போவதா, பின்னால் ஓடுவதா? அவர் எழும்பி, கையில் அந்தச் சாமானோடு என்னவென்று பார்க்க வருவார். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பின்கதவுக்கு ஓடினேன். கதவைத் திறக்கும்போதுதான் கையில் கத்தி இருப்பது தெரிந்து, அதைத் தொட்டிக்குள் எறிந்தேன்.

"இஞ்சருங்கோ, அதைக் கீழ போடுங்கோ! பொலிஸ்! எழும்பாதேங்கோ!"

அவர் பாதி எழும்பிவிட்டார். பக்கப் படலையைத் திறந்து இரண்டு பொலிஸ்காரர் துவக்குகளோடு கத்திக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவர் தும்புத்தடியைத் தூர எறிந்தார். உடனே குப்புறப் படுத்து, கால்களை அகட்டி, விரல்களைக் கோத்துப் பிடரியில் வைத்தார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சுணங்காமல், தவறில்லாமல் செய்தார். பொலிசைவிட அதுதான் என்னை அதிகம் பயப்படுத்தியது.

இளம் பொலிஸ்காரர் ஒருவர் டேப்பைக் கிழித்தார். குழாயும் தடியும் தனித்தனியாகக் கழன்று விழுந்தன. "தும்புத்தடி" என்று ஆங்கிலத்தில் மற்றவருக்குச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. என் கணவரை எழுப்பி, மண்ணைத் தட்டிவிட்டு, எங்களை விசாரித்தார்கள். நான் போன் பண்ண, மன்னார் அண்ணர் லைசென்ஸோடு ஓடி வந்தார். பொலிஸ்காரர் தாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இனிமேல் இதைப் பண்ணையில் வைத்துச் சோதியுங்கள் என்று சொல்லிப் போனார்கள்.

பின்னேரம் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் கதவைத் தட்டினார். பொலிசுக்குப் போன் பண்ணியது தான்தான் என்றார். என் வாயில் நிறையச் சொற்கள் வந்து நின்றன. புகைபோக்கிக்குக் கீழே இருப்பது தன் மனைவியின் அறை ஜன்னல், அவளால் கட்டிலை விட்டு எழும்ப முடியாது என்று அவர் சொன்னார். நானாக இருந்தாலும் போன் பண்ணியிருப்பேன். அதைத்தான் அவரிடம் சொன்னேன்.

என் கணவர் அதன்பிறகு தாங்கியைத் தொடவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். எங்கள் நிரந்தர விசா இன்னும் வரவில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம். விசா வந்தது. அந்தச் சனிக்கிழமையைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்போதும் தாங்கி கராஜ் மூலையில் குற்றவாளி மாதிரி நின்றது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணருக்குப் போன் பண்ணுங்கோ. நானும் வாறன்" என்றேன்.

பண்ணைச் சரிவில் காற்று பலமாக வீசியது. பள்ளத்துக்கு அப்பால் ஆடுகள் மேய்ந்தன. அவர் குந்தியிருந்து துவக்கை என் பட்டியில் வைத்தார். முனை அசையவில்லை.

"பொறு, பின்னால குட்டி நிக்குது" என்று அண்ணர் கிசுகிசுத்தார்.

பொறுத்தோம். குட்டி விலகியது, திரும்ப வந்தது. அவருடைய கழுத்து நரம்பு துடிப்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில், வேண்டாம், போவோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது குட்டி துள்ளி ஓடியது.

காதைப் பொத்தியும் சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. கண்ணைத் திறந்தபோது ஆடு விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"நல்ல வெடி" என்றார் அண்ணர். என் கணவர் துவக்கை அவரிடம் கொடுத்துவிட்டு, புல்லில் உட்கார்ந்து நெடுநேரம் தன் தோளைத் தடவிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது கார் பாபகூராவை நெருங்கிவிட்டது. நான் கேட்கவில்லை. என் கணவர் தானாகவே சொன்னார்.

"அண்டைக்கு வளவில கிடந்தனே, அப்பிடிக் கிடக்க என்னைப் பழக்கினவங்கள். வவுனியா ஆமிக் காம்பில. நீர் என்ர வாழ்க்கையில வாறதுக்கு முந்தி."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மிச்சத்தையும் சொன்னார். வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் நாங்கள் இறங்கவில்லை.