பலகைக் கதவுக்குப் பின்னால் கெரம்

கெரம் அறை நடத்துவது சாப்பாட்டுக் கடை நடத்துவது மாதிரி அல்ல. பசி தீர்ந்து எழுந்து போகிறவன் அங்கே வருவதில்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு தேநீர்க் கடையின் பின்னறையில் இரண்டு கெரம் போர்டுகளைப் பல வருஷம் நான் பார்த்துக்கொண்டேன். விளையாட்டுப் பித்தில் மாட்டிக்கொண்டவர் நீங்களும் என்றால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

பூசை முடிந்து வந்தவள்

செல்வராஜுக்கு அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் வேலை. பஸ் ஹோர்ன் அடித்தாலும் போர்டைவிட்டு எழும்ப மாட்டான். ஒரு ஞாயிறு அவன் மனைவி மேரி, மாதா கோயிலில் பூசை முடிந்து நேரே அறை வாசலில் வந்து நின்றாள். பிள்ளைத்தாய்ச்சி. அவன் நிமிரவே இல்லை. நான்தான் பதறி எழுந்து நாற்காலியைத் தள்ளினேன்.

"நீங்க உக்காருங்கண்ணே. வலி எடுத்தா அந்தப் போர்டு மேலயே ஏறிப் படுத்துக்கிறேன். அப்பவாச்சும் பாப்பாரு."

பஸ் இல்லாத நாள்

சில வாரத்தில் அந்த எண்பத்து மூன்று ஜூலை வந்தது. நுவரெலியாவில் தமிழர் கடைகள் எரிகின்றன என்றார்கள். மேரிக்கு மருந்து வாங்கக் காலையில் டவுனுக்கு வந்த செல்வராஜுக்குத் திரும்பிப் போக பஸ் இல்லை. எங்களோடு தினமும் கெரம் அடிக்கும் லொறி டிரைவர் பண்டா, சிங்களவர், தெரு அடங்கியதும் தோட்டத்தில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அதுவரை என்ன செய்வது? இருவரும் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். இந்த நேரத்திலுமா என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே பவுடர் தூவியதும் நான்தான். அது என்ன மனசு என்று இன்றும் விளங்கவில்லை.

செல்வராஜ் காய்களை அடுக்கியபடி சொன்னான்: "சும்மா இருந்தா கதவையே பாத்துக்கிட்டு இருக்கணும்ணே. இங்கனா காயைப் பாக்கலாம்."

வெளியே கேட்ட அடி

மத்தியானம் தெருவில் இரைச்சல் எழுந்தது. பலகைக் கதவுகளைப் போட்டுத் தாழிட்டேன். செல்வராஜ் அப்போதுதான் சிவப்புக் காயைக் குழியில் போட்டிருந்தான். அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றையும் போட்டால்தான் சிவப்பு அவனுக்கு. ஸ்ட்ரைக்கரை வைத்துவிட்டான். சத்தம் வெளியே போகுமே என்று அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். அதே நேரம் கதவில் பொல்லுத் தடியால் தட்டினார்கள்.

உள்ளே யார் என்று சிங்களத்தில் ஒரு குரல். நாங்கள்தான், கெரம் அடிக்கிறோம் என்று பண்டா சிங்களத்திலேயே சொன்னார். பலகை இடுக்கில் ஒரு நிழல் குனிந்து காதை வைத்தது. பண்டா சட்டென்று செல்வராஜின் விரலுக்கு அடியிலிருந்து ஸ்ட்ரைக்கரை இழுத்து ஓங்கி அடித்தார். ஒரு காய் குழியில் விழுந்தது. வெளியே ஒருவன் சிரித்தான். காலடிகள் இறங்கிப் போயின.

தெரு வெறிச்சோடியதும் கடையின் பின்பக்கம் லொறியைக் கொண்டுவந்து, வெறும் தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே அவனைப் படுக்கச் சொன்னார் பண்டா. மருந்துப் போத்தலை மடியில் கட்டிக்கொண்டு ஏறியவன் தலையை நீட்டினான்.

"அது என்னோட அடி பண்டா. அது செல்லாது, சொல்லிட்டேன். சிவப்பு இன்னும் என்னோடதுதான்."

அவன் வீடு போய்ச் சேர்ந்தான், பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அவனைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, ஏனென்றால் லொறி கிளம்பியதும், பண்டா விழுத்திய காயை எடுத்து முன்பு இருந்த இடத்திலேயே வைத்தவன் நான்.