பரிசு வாங்கிய முதுகு

கல்முனையில் இருந்த எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு பிற்பகல் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி வந்தாள். வெள்ளைப் பர்தா, ஒடிசலான உயரம். சான்றிதழ்கள் அடுக்கிய கோவையை மேசையில் வைக்கச் சொன்னேன். வைக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டே நின்றாள்.

"நாளைக்குப் புலமைப்பரிசில் நேர்முகம் சேர். சான்றிதழ் மட்டும் போதாதாம், பரிசு வாங்கின படமும் வேணுமாம். உங்கட ஆள்தான் எடுத்தவர்."

எங்கள் படப்பிடிப்பாளர் கணினியைத் திறந்தார். எல்லாப் படத்திலும் பரிசு கொடுத்த அரசியல்வாதி சிரித்துக்கொண்டிருந்தார். பரிசு வாங்குபவளின் முதுகுதான் தெரிந்தது. பத்திரிகைக்கு வேண்டியது விருந்தினரின் முகம்.

"ஒண்டுலயாவது என்ட முகம் இல்லையா, நானா?" என்று படப்பிடிப்பாளரை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"அதுக்கென்ன புள்ள, பரிசுக் கப்பைக் கொண்டு வாங்க. இப்பவே எடுத்துத் தாறன்."

"கப்பு எங்கட ஸ்கூல் அதிபர்ர அலுமாரிக்குள்ள பூட்டிக் கிடக்கு. அவர் திறப்போட மக்காவுக்கு உம்றா செய்யப் போயிட்டார்."

படப்பிடிப்பாளர் சிரித்துவிட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இது நான்தான் எண்டு நீங்களாவது எழுதித் தாங்க சேர்."

படத்தை மறுபடி பார்த்தேன். வெள்ளைப் பர்தா அணிந்த எந்தப் பிள்ளையும் பின்னாலிருந்து அப்படித்தான் இருக்கும்.

"தெரியாம எப்படி மகள் எழுதுற?"

"அப்ப, இது நான்தான் எண்டு எனக்கு மட்டும்தான் தெரியும்."

சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அந்த அதிபரிடமே தொலைபேசியில் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கலாம் என்று பிறகுதான் பட்டது. யன்னலுக்கு ஓடினேன். ரியூசன் விட்டு வீதி நிறைய வெள்ளைப் பர்தாக்கள். பெயரைக் கேட்டு வைக்கவில்லை. "மகள்!" என்று கத்தினேன். நாலைந்து பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் அவள் இல்லை.