குளிர் என்று ஒன்று கிடையாது

என்னை மேலே அனுப்பப் பார்த்த ஒரு மனிதரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதப் போகிறேன். என் மகளுக்கு இது பிடிக்கவில்லை. "உனக்கு என்னம்மா கிறுக்கா?" என்கிறாள். முப்பத்தொரு வருடம் தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்து கண்டவர் பேச்சையெல்லாம் கேட்டவளுக்குக் கொஞ்சமாவது கிறுக்குப் பிடிக்காமல் இருக்குமா?

அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். எங்கள் அடுக்குமாடியில் முதல் மாடி, நான் இரண்டாவது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும், நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் ஐஸ்காரர். விரலில் எப்போதும் தகடு கிழித்த காயம் ஒன்று, சட்டைப்பையில் ஒரு டெஸ்டர். அரை மணி நேர வேலைக்கு வந்தால் ஒன்றரை மணி நேரம் பேசுவார். முதல் தடவை என் வீட்டுக்கு வந்தபோது, வந்த வேலையை விட்டுவிட்டு, ஃபிரிட்ஜின் பின்பக்கம் என்னைக் கை வைக்கச் சொன்னார்.

"சுடுதா அக்கா?"

"சுடுது. அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்."

"அது ரிப்பேர் இல்லைக்கா. நீங்க உள்ள வச்ச பாலோட சூடு அது. குளிர்னு ஒண்ணு கிடையாது. இந்த மெஷின் குளிரை உண்டாக்கல. உள்ள இருக்கிற சூட்டை அள்ளி வெளிய கொட்டுது, அவ்வளவுதான்."

"அப்போ கதவைத் திறந்து வச்சா ரூம் குளிராதா?"

"இன்னும் சூடாகும்!" என்று கையைத் தட்டினார், நான் ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் மறுநாள் கவுன்டரில் பக்கத்து சீட்டுக்காரியிடம் நான் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒட்டுவாரொட்டி போலிருக்கிறது இந்த வியாதி.

பிறகு அது சனிக்கிழமைப் பேச்சாகிவிட்டது. கீழ்த்தளத்தில், வலை கிழிந்துபோன டேபிள் டென்னிஸ் மேஜை கிடக்கும் பொது அறையில், நாலு மணிக்கு. அவரவர் நாற்காலியை அவரவரே தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஆரம்பத்தில் மூன்று பேர். பிறகு முப்பது பேர். சோலார் தகடு சூடு ஏற ஏற ஏன் மின்சாரத்தைக் குறைத்துத் தருகிறது, எறும்புப் புற்றுக்குள் காற்று எப்படிப் போய் வருகிறது என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஒருநாள் லிஃப்ட் பார்க்க வருகிறவர் கேட்டார், "விண்வெளி அவ்வளவு குளிர்னு சொல்றாங்களே, அங்க மிதக்கிற நிலையத்துக்கு ஹீட்டர் வேணுமா, ஏசி வேணுமா?"

ஐஸ்காரர் தன் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினார். "இதுக்குள்ள டீ ஏன் ஆறாம இருக்கு? நடுவுல காத்தை உறிஞ்சி எடுத்துட்டாங்க. காத்து இல்லைன்னா சூட்டைத் தூக்கிட்டுப் போக ஆள் இல்லை. அங்கயும் அதே கதைதான். மெஷின் சூடு, மனுஷங்க சூடு எல்லாம் உள்ளயே தேங்கிடும். அதனால வெளிய பெரிய பெரிய தகடா விரிச்சு, அது வழியா சூட்டைக் கதிரா வீசி அனுப்புறாங்க. எங்க போனாலும் நம்ம தொழில்தான் போங்க!"

அறையே சிரித்தது. நானும்தான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். போன வருடம் ஒரு சனிக்கிழமை. கேபிள் மாற்றுகிறார்கள், ஞாயிறு காலை முதல் திங்கள் மதியம் வரை கரண்ட் இருக்காது என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஐந்தாம் மாடித் தையல்காரப் பெண் எழுந்து நின்றாள். அவளுடைய ஏழு வயது மகளுக்கு நாலு வயதிலிருந்தே சர்க்கரை வியாதி. ஊசி இல்லாமல் அந்தக் குழந்தையால் ஒருநாள்கூட இருக்க முடியாது.

"அண்ணா, பாப்பாவோட இன்சுலின் கெட்டுப்போகாம எப்படி வைக்கிறது?"

நானும் காதைத் தீட்டிக்கொண்டேன். நானும் இன்சுலின்காரிதான்.

"கவலையே படாதீங்கம்மா. பாட்டில்ல தண்ணி ஊத்தி இன்னைக்கே ஃப்ரீசர்ல போடுங்க. கல்லா உறைஞ்சதும் எடுத்து மருந்தைச் சுத்தி இடைவெளி இல்லாம நெருக்கி வைங்க. கதவைத் திறக்காதீங்க. சூடு கிட்ட நெருங்காது."

சொன்னபடியே செய்தேன். ஐந்து பாட்டில், நடுவில் மருந்து. திங்கட்கிழமை கரண்ட் வந்தது. செவ்வாயன்று அந்தப் புதுக் குப்பியைத் திறந்து போட ஆரம்பித்தேன். ஊசிதான் போட்டாயிற்றே, அப்புறம் சோதனை எதற்கு என்று ஒரு திமிர். புதனன்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. வியாழனன்று கவுன்டரில் எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. பதிவுத் தபால் அனுப்ப வந்த ஒரு அப்பாவியை வாய்க்கு வந்தபடி ஏசியது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமை மதியம். மாலையில் வந்த பெண் டாக்டர் என் மகளிடம் துருவித் துருவிக் கேட்டார். மருந்தை எங்கே வைத்தீர்கள், எப்படி வைத்தீர்கள்? மகள் பாட்டில் கதையைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உறைய விட்டிருக்கீங்க. இன்சுலின் ஒருதடவை உறைஞ்சா அவ்வளவுதான். உருகினதும் பார்க்கப் பழைய மாதிரியே இருக்கும். நம்பிப் போட முடியாது."

எனக்கு வந்த கோபத்தில் சலைன் பாட்டிலே ஆடியது. மகளிடமிருந்து போனைப் பிடுங்கி ஐஸ்காரரைக் கூப்பிட்டேன். மூச்சு விடாமல் திட்டினேன். படிக்காத வைத்தியமெல்லாம் உனக்கு எதுக்குடா என்றேன். அதுவரை அவரை 'டா' போட்டதே இல்லை.

"சூடு ஏறிடக் கூடாதுன்னுதான்க்கா யோசிச்சேன்," என்றார் கடைசியில். "இருபத்தாறு வருஷமா எல்லாரும் குளிர் பத்தலைன்னுதான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க. குளிர் அதிகமாப் போச்சுன்னு ஒருத்தர்கூடக் கூப்பிட்டதில்லைக்கா. எனக்கு அது தோணவே இல்லை."

பிறகு சட்டென்று அவர் குரல் மாறியது. "அக்கா... பாப்பா."

என் கோபத்தில் அந்தக் குழந்தையை நான் நினைக்கவே இல்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"அவங்ககிட்ட திறந்த குப்பி ஒண்ணு வெளிய இருந்துச்சு. அது வெள்ளிக்கிழமை வரைக்கும் வரும், அப்புறம்தான் ஃபிரிட்ஜ்ல இருக்கிறதை எடுக்கணும்னு சொன்னாங்க," என்றார். இன்று வெள்ளி. தையல் மெஷின் சத்தத்தில் அவள் போனை எடுக்க மாட்டாள். அவர் இணைப்பைத் துண்டிக்காமலே ஓட ஆரம்பித்துவிட்டார். படிகளில் செருப்புச் சத்தம், ஐம்பது வயது நெஞ்சின் இரைப்பு, கதவைப் படபடவென்று தட்டும் ஓசை எல்லாம் என் காதில் விழுந்தது.

"என்னண்ணா, இப்படி மூச்சு வாங்குது?" தையல்காரப் பெண்ணின் குரல்.

"பாப்பாவுக்கு ஊசி போட்டாச்சா?"

"இதோ, ஏத்தி வச்சிருக்கேன். போட வேண்டியதுதான்."

"போடாதீங்க! அது கெட்டுப்போச்சும்மா. ஐஸ் பட்டு உறைஞ்சிருக்கும்."

"தெளிவாத்தானே இருக்கு?"

"அப்படித்தான் தெரியும். ரெண்டாம் மாடி அக்கா அதைப் போட்டுத்தான் ஆஸ்பத்திரியில கிடக்காங்க."

அவள் கேட்டாள், "நீங்கதானேண்ணா அப்படி வைக்கச் சொன்னீங்க?"

கவுன்டரில் நான் கேட்காத சாக்கா? நான் அப்படிச் சொல்லவில்லை, நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள், ஐஸை ரொம்ப நெருக்கி வைத்திருப்பீர்கள்... அவருக்கும் ஏதாவது ஒன்று கிடைத்திருக்கும்.

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன். நான் சொன்னது தப்பு." வார்டுச் சுவர்க் கடிகாரத்தில் அப்போது மணி ஆறு.

"வேற மருந்து இல்லையேண்ணா. இப்போ என்ன பண்றது?" அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்குத் தெரியலம்மா," என்றார். பிறகு போனில், "அக்கா, இருக்கீங்களா? டாக்டர் பக்கத்துல இருக்காங்களா?"

டாக்டர் அடுத்த வார்டுக்குப் போயிருந்தார். மகள் தடுக்கத் தடுக்க, சலைன் கம்பியை உருட்டிக்கொண்டு வெறுங்காலோடு அங்கே போய் அவர் கையில் போனைத் திணித்தேன். டாக்டர் கேட்டார்: சர்க்கரை எவ்வளவு, கடைசி ஊசி எப்போது. உடனே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

ஏழு மணிக்குள் ஐஸ்காரர் தாயையும் பிள்ளையையும் கூட்டி வந்துவிட்டார். புது மருந்து போட்டு, குழந்தை கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் என் பக்கம் வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"பிள்ளைக்கு?" என்றேன்.

"ஒண்ணும் பயமில்லையாம்."

நான் அழுதுவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவரும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இனிமே சனிக்கிழமை வாயே திறக்க மாட்டேன்க்கா. ஸ்பேனரைப் பிடிச்சோமா, போனோமான்னு இருந்துடுறேன்."

அதற்குத்தான் எனக்கு மறுபடி கோபம் வந்தது. "திறக்காம? நீ சொன்னதை முப்பது பேர் கேட்டாங்க. அவங்க இன்னும் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்காங்களோ! நாளைக்கு நாலு மணிக்குப் போய் நில்லு. அந்தப் பொண்ணுகிட்ட சொன்ன மாதிரியே எல்லார்கிட்டயும் சொல்லு."

"இனி என் பேச்சை யாருக்கா நம்புவாங்க?"

"நான் நம்புறேன்," என்றேன். "இன்னைக்கு ஆறு மணியிலிருந்துதான்."