காளிகாட்டில் எனக்கு ஒரு இடம்

காளிகாட் கோயிலில் அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அடங்க வேண்டாம் என்றும் இருக்கிறது.

நான் வேலை பார்த்த வீட்டில் சார், அம்மா, இரண்டு பிள்ளைகள். சார் துபாய் வேலையை விட்டுவிட்டு, ஒரு வருடம் குடும்பத்தோடு ஊர் சுற்றுவது என்று கிளம்பினார். சமைக்கவும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் என்னைக் கூட்டிப்போனார்கள். பாஸ்போர்ட்டும் எடுத்துக் கொடுத்தார்கள். நான் சாத்தூர்க்காரி. அதுவரை மதுரையைத் தாண்டியதில்லை. இலங்கை பார்த்தேன், நேபாளம் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வது தப்பு. வாசல் வரைக்கும் பார்த்தேன்.

சாருக்குக் காசு கொடுத்து முன்னால் போவது பிடிக்காது. எந்த ஊரிலும் தரகன் பக்கத்தில் வந்தால் விரட்டிவிடுவார். "எல்லாரும் சமம். நாமளும் வரிசைலதான் போகணும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார். பிறகு என்னை வரிசையில் நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள். வாசல் கிட்ட வந்ததும் நான் போன் பண்ண வேண்டும். அவர்கள் வந்து என் இடத்தில் நுழைவார்கள். நான் வெளியே வந்துவிடுவேன். கண்டியில் அப்படி. காத்மாண்டுவிலும் அப்படி. சம்பளம் வாங்குகிறேன், நிற்கிறேன் என்று இருந்தேன்.

காத்மாண்டுவிலிருந்து கல்கத்தா வந்தோம். பெஹாலாவில் ஒரு வீடு பிடித்திருந்தார்கள். காளி கோயிலுக்குப் போகிற அன்று காலையில் இட்லி வைத்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா, இன்னைக்குக் கோயில்ல நானும் உள்ள போகணும்மா. பொண்ணுக்கு ஏழாம் மாசம்."

என் மகளுக்கு ரெண்டு தடவை கலைந்துவிட்டது. இது மூன்றாவது. அம்மாவுக்கு அதெல்லாம் தெரியும்.

"அதுக்கென்னக்கா, போலாம்" என்றார்கள், போனைப் பார்த்துக்கொண்டே.

முதலில் விக்டோரியா நினைவு மண்டபம். டிக்கெட் வரிசையில் நின்றேன். எனக்கு டிக்கெட் எடுக்கவில்லை. "உங்களுக்கு உள்ள போரடிக்கும்க்கா" என்றார் சார். பைகளை வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தேன். அந்த வெள்ளைக் கட்டிடத்தை உள்ளே போய்ப் பார்த்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அங்கே கோபம் வரவில்லை.

கோயில் தெருவில் இறங்கியதும் பண்டா ஒருவன் ஓடி வந்தான். இந்தக் கோயில் தரகர்களை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். "விஐபி, விஐபி, பத்து மினிட்" என்றான். சார் அவனுக்கு இங்கிலீஷில் ஒரு பாடம் நடத்தினார். என்னை வரிசையில் விட்டார். அவர்கள் ஏசி உள்ள கடை தேடிப் போனார்கள்.

வெயில். கால் வைக்க முடியவில்லை. எனக்குப் பின்னால் நின்ற வங்காளத்து அம்மா தன் முந்தானையை என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள். "மாஷி" என்று கூப்பிட்டு என்னவோ கேட்டாள். சித்தி மாதிரி ஒரு சொல் அது. நான் வயிற்றைக் காட்டி, மகள் என்று கையால் சொன்னேன். புரிந்துகொண்டாள். கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள்.

வாசல் நெருங்கியது. போன் பண்ணினேன். வந்தார்கள்.

"நானும் அப்படியே கூட வந்துர்றேம்மா" என்றேன்.

"செருப்பு?" என்றார் சார். "கடையில விட்டா பூ வாங்கு, தேங்கா வாங்குன்னு தலைல கட்டுவான். நாங்க வந்ததும் நீங்க போங்கக்கா."

நாலு பேரும் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்கள். பின்னால் நின்ற வங்காளத்து அம்மா சத்தம் போட்டாள். ஒரு விரலைக் காட்டி, நாலு விரலைக் காட்டித் திட்டினாள். சார் அவளிடமும் இங்கிலீஷ் பேசினார். நான் எட்டுச் செருப்பையும் அள்ளிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

திரும்பி வந்தபோது நெற்றி நிறையக் குங்குமம். "பாத்தீங்களா, பண்டாவுக்கு அஞ்சு பைசா குடுக்கல" என்றார் சார் பிள்ளைகளிடம்.

"அப்ப நான் போயிட்டு வர்றேன் சார்."

அவர் வரிசையைப் பார்த்தார். அது தெரு திரும்பிப் போயிருந்தது. "இந்த வரிசைலயா? நம்ம இன்னும் சாப்பிடல. ஹவுரா பாலம் இருக்கு, படகு இருக்கு."

அம்மா என் கையைத் தொட்டார்கள். "உங்களுக்கும் சேத்துத்தான் கும்பிட்டோம்க்கா. பொண்ணுக்கு நல்லபடியா ஆகணும்னு வேண்டிக்கிட்டேன்."

"பொண்ணு பேரு என்னன்னு சொல்லி வேண்டுனீங்கம்மா?"

அம்மா சாரைப் பார்த்தார்கள். சார் தெருவைப் பார்த்தார். எத்தனை மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். தினம் ராத்திரி மகளோடு பேர் சொல்லித்தான் போனில் பேசுகிறேன்.

"சாமிக்குத் தெரியாதாக்கா?" என்றார்கள்.

"சாமிக்குத் தெரியும்னா நீங்க எதுக்கு உள்ள போனீங்க?"

"அக்கா, என்ன பேச்சு இது?" என்றார் சார்.

"நீங்க ஒரு பண்டா வச்சிருக்கீங்க சார். அது நாந்தான்."

செருப்புகளைக் கீழே போட்டேன். வரிசையின் வாலில் போய் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "கார் கிளம்புதுக்கா" என்றார் சார்.

"கிளம்புங்க சார். பெஹாலாவுக்கு பஸ் கேட்டு வந்துர்றேன்."

அப்புறம் போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். வரிசை நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. நடை சாத்தப் போகிறார்கள் என்று முன்னால் ஒரே தள்ளுமுள்ளு. ஒருத்தன் என்னை இடித்துக்கொண்டு முன்னால் போகப் பார்த்தான். முழங்கையால் ஒரு இடி கொடுத்தேன். பின்னால் போனான்.

உள்ளே இருட்டும் வேர்வையும். காளியின் மூன்று கண்ணும் தெரிந்தன, பெரிய நாக்கு தெரிந்தது. நகரு நகரு என்று பின்னாலிருந்து தள்ளினார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மகள் பெயரைச் சொன்னேன். மருமகன் பெயரைச் சொன்னேன். தெருவைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன். பூசாரி என் கையைத் தட்டிக் கத்தினார். கையை எடுக்காமல் முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னேன்.